எங்கள் ஜோங்காவின் தளம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் வல்லார் இலக்கியம் பேசினர். இசை வல்லார் இசை பேசினர். சென்ற ஆண்டு கம்பனைக் கேட்டு மகிழ்ந்த இவ்வவையில், இவ்வாண்டு துருப்பிடித்த தகரத்தைப் பற்றிப் பேசுமாறு செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது. இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். ஆனால் சங்கக் கொட்டகையில் நிற்கும் அந்தப் பச்சை வண்டியை வைத்துக்கொள்வதா, எடைக்குப் போடுவதா என்னும் வினா நம்மிடையே சில காலமாக இருந்து வருவதை யாவரும் அறிவீர்கள். அதற்கு விடை காணுமுன், அவ்வண்டிக்கு நேர்ந்தது என்ன, அதற்கு நாங்கள் செய்தது என்ன என்பதைப் பொதுவில் வைத்தல் முறை என்று செயற்குழு கருதியது. எங்கள் எண்ணமும் அதுவே. ஐவர் கூடிச் செய்த வேலையை ஒருவர் வாயால் சொல்லுகிறோம். ஆகவே தொடக்கம் முதல் இறுதி வரை 'நாங்கள்' என்றே பேசுவோம். வேலையில் எங்கள் ஐவருக்கும் பங்கு உண்டு, பிழையிலும் அவ்வாறே.

இளைஞர்கள் பொருட்டு வண்டியை முதலில் அறிமுகம் செய்துவிடுகிறோம். ஜோங்கா என்பது ஜப்பானியச் சொல் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்டு கன் காரேஜ் அசெம்பிளி' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்த பெயர் அது; நம் ஊரின் பெயரே அதன் தலையெழுத்து. வண்டியின் மூலந்தான் ஜப்பான் நாட்டினது. நிசான் நிறுவனத்தாரின் பேட்ரோல் என்னும் வண்டியை உரிமம் பெற்று இங்கே செய்தார்கள். 1904-இல் தோன்றிய பீரங்கி வண்டித் தொழிற்சாலையை உடைய இவ்வூரில், 1969-இல் வாகனத் தொழிற்சாலையும் எழுந்தது. 1969 முதல் 1999 வரை, முப்பது ஆண்டுகள், நம் படைக்கு ஜோங்காக்கள் இங்கிருந்தே சென்றன. ஆறு உருளைகள் கொண்ட பெட்ரோல் எஞ்சின். அதன் கொள்ளளவு 3,956 கன சென்டிமீட்டர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகள். ஏறி அமர்ந்தவர் முதுகெலும்பு அவற்றை நன்கு அறியும். மேலே கித்தான் கூரை, பின்னே சரக்கு ஏற்றும் திறந்த தட்டு. 106 மில்லிமீட்டர் பின்னுதைப்பில்லாப் பீரங்கியைச் சுமந்து மேடு பள்ளம் பாராமல் சென்ற வண்டி இது.

இவ்வவையில் அமர்ந்திருக்கும் சிலருடைய தந்தையர் அத்தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் ஐவரில் மூவர் அங்கே பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஆவடியிலிருந்து மாற்றலாகி இங்கு வந்த குடும்பங்களும் நம்மிடையே உண்டு. 2021 அக்டோபர் முதல் நாளன்று படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலை கவச வாகன நிறுவனத்தின் கீழ்ச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் தலைமையகம் எங்கே என்று கேட்டால், ஆவடி! நாம் ஊரை விட்டு வந்தோம்; ஊர் நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். 2012-இல், படையினர் கழித்துவிட்ட வண்டிகளின் ஏலம் ஒன்றில், 1978-இல் செய்யப்பட்ட ஜோங்கா ஒன்றை நாங்கள் எடுத்தோம். பொங்கல் விழாவுக்குக் கரும்பும் பாத்திரமும் ஏற்றிவர ஒரு வண்டி வேண்டும் என்பது வெளியே சொன்ன காரணம். நாங்கள் செய்த வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்பது உள்ளே இருந்த ஆசை. வாங்கிய அன்று எஞ்சினைப் பார்த்தோம். பற்சக்கரப் பெட்டியைப் பார்த்தோம். சக்கரங்களை ஆட்டிப் பார்த்தோம். வீடு வாங்குபவன் வாசற்காலின் வேலைப்பாட்டில் மயங்கிக் கூரை ஒழுகுவதைப் பாராமல் வந்தது போல, கால் வைக்கும் தளத்தை மட்டும் பார்க்கவில்லை. தளத்தின் மேல் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கொட்டகைக்குக் கொண்டுவந்து விரிப்பை எடுத்தபோது, தளம் அடை அடையாய்ப் பெயர்ந்து வந்தது. செம்மண் போன்ற தூள். ஓட்டுநரின் காலடியில் உள்ளங்கை அளவு ஓட்டை. பின்தட்டில் மூன்று இடங்களில் விரல் நுழையும் துளைகள். ஒரு பட்டறையில் கேட்டோம். இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடியே முடித்தும் கொடுத்தார்கள். துருவின் மேல் துத்தநாகம் பூசிய தகரத்தைப் பரப்பி, ரிவெட் அடித்து, ஓரங்களில் தார் பூசி, அடியிலும் தாரை அப்பி, மேலே பச்சை வர்ணம் அடித்துவிட்டார்கள். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. அப்பட்டறையைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் செய்ததை நின்று பார்த்து, 'நன்று, நன்று' என்று சொன்னவர்கள் நாங்கள். வாழ்நாள் முழுதும் இரும்போடு பழகிய எங்களில் மூவருக்கு அது தவறு என்பது தெரியாதா? தெரியும். விழா நெருங்கிவிட்டது, ஆகவே தெரிந்ததை மறந்தோம்.

ஐந்து ஆண்டுகள் வண்டி ஓடியது. 2018 காணும் பொங்கலன்று என்ன நிகழ்ந்தது என்பதை இங்கே பலர் கண்ணால் கண்டவர்கள். பேடாகாட் பளிங்குப் பாறைகளைக் காட்டுவதற்காகக் குழந்தைகளை அழைத்துச் சென்றோம். பின்தட்டில் பலகை ஒன்றைப் போல்ட் போட்டு முடுக்கி, ஆறு குழந்தைகளை அதில் அமர்த்தினோம். சரக்கு ஏற்றும் தட்டில் குழந்தைகளை ஏற்றியதே குற்றம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். திரும்பி வரும் வழியில், வேகத்தடை ஒன்றின் மேல் வண்டி ஏறி இறங்கியது. பலகையைப் பிடித்திருந்த போல்ட், தளத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வந்தது. ஓரத்தில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் இடக்கால் தளத்தை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை கீழே போய்விட்டது.

வண்டி மிக மெதுவாகச் சென்றது, உடனே நின்றுவிட்டது. குழந்தையின் காலில் பதினொரு தையல்கள்; இசிவு நோய்த் தடுப்பூசி; மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. இவ்வளவோடு போயிற்று. ஆனால் அன்று மாலை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது எங்களுக்கு உடல் நடுங்கியது. அந்தத் துளைக்கு நேர் கீழே, ஒரு சாண் தொலைவில், பின்சக்கரங்களுக்கு விசை கொண்டு செல்லும் தண்டு இருந்தது. வண்டி ஓடும்போது சுழல்வது அது.

அக்குழந்தையின் பெற்றோர் எங்களை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. பாட்டியம்மாள் மட்டும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எங்களைப் பார்த்து, "ஏன் தம்பி, மேலே பச்சை அடிச்சீங்களே, அடியிலே என்ன அடிச்சீங்க?" என்று கேட்டார். நாங்கள் விடை கூறாமல் நின்றோம். இன்றைய உரை அந்த வினாவுக்கான விடை. அம்மையார் முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

ரிவெட்டுகளை உளியால் வெட்டித் தகரத்தைத் தூக்கியபோது, உள்ளே ஈரம் காயாத சேறு போலத் துரு இருந்தது. வெயில் காலத்தில் திறந்தும் ஈரம்! மேலே உள்ள தகரம் பெரும்பாலும் நன்றாக இருந்தது; அது மூடியிருந்த பழைய தளத்தில் பாதிக்கு மேல் காணோம். ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் இரும்புக் கதவும், தண்ணீர்த் தொட்டியும், மிதிவண்டியும் உண்டு.

இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும். ஆதலால் காற்றை அடைத்துவிட்டால் துரு நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. ஒரே தகட்டில், ஓரத்தில் காற்றுப் படும் ஈரமும், உள்ளே இடுக்கில் காற்றுப் புகாத ஈரமும் சேர்ந்திருந்தால், அவ்விரண்டுக்கும் இடையே சிறு மின்கலம் ஒன்று அமைந்துவிடுகிறது. அந்த மின்கலத்தில் கரைவது காற்றுப் படும் இடத்து இரும்பு அன்று. காற்றுப் புகாத இடுக்கின் இரும்பே. மூடி மறைத்த இடமே முதலில் போகும் என்பது இதனால்தான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓரம், விரிப்பின் அடிப்புறம், தாருக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை வெடிப்பு ஆகியவை துருவுக்கு உகந்த வீடுகள். மேலும், துரு தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடுக்கில் பிறந்த துரு வீங்கித் தகடுகளைப் பிளக்கிறது; பிளந்த வழியே இன்னும் நீர் புகுகிறது. தகரத்தில் பூசிய துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு சில காலம் அருகிலிருந்த இரும்பைக் காத்திருக்கும். அது தீர்ந்தபின் கேட்பார் இல்லை.

ஜபல்பூர் கடலுக்கு அருகில் இல்லை. உப்புக் காற்று இல்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழை போதும். கித்தான் கூரை வழியே ஒழுகிய நீர் விரிப்பின் கீழ் இறங்கியது. தளத்தில் நீர் வடியத் துளைகள் வைத்திருந்தார்கள், செய்தவர்கள். அத்துளைகளைத் தார் பூசி அடைத்தவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் தில்லி இரும்புத் தூணை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. ஏழு மீட்டருக்கு மேல் உயரமும், ஆறு டன்னுக்கு மேல் எடையும் உடைய அத்தூண் 1,600 ஆண்டு மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்து, 2009-இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம் அவர்கள் அதன் காரணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அக்காலக் கொல்லர்கள் கரியிட்டு உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும்போது, அந்தப் பாஸ்பரஸின் துணையால் தூணின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகிறது என்று அவர் விளக்கினார். இக்காலத்துத் தகட்டில் பாஸ்பரஸைக் குறைத்துவிடுகிறார்கள். மிகுந்தால் எஃகு நொறுங்கும் இயல்பை அடையும். ஆகவே, "அந்தக் காலத்து இரும்பு போல வருமா?" என்று பெருமூச்சு விடுவோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் காலத்து இரும்பை வண்டித் தளமாக மடிக்கவும் முடியாது. மேலும், தூணின் மேல் யாரும் ரப்பர் விரிப்பு போட்டு மூடவில்லை.

வேலையைத் தொடங்கினோம். முதற்செயல் பெட்ரோல் தொட்டியை இறக்கி, கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தது. நிறைந்த தொட்டியைக் கண்டு அஞ்சுவோர் வெறுந்தொட்டியைக் கண்டு அஞ்சுவதில்லை. உண்மையில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் வெறுந்தொட்டியே கொடியது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பொறி பட்டு வெடிக்கும். அடுத்து மின்கலத்தைக் கழற்றினோம். இருக்கைகளையும் மின்கம்பிகளையும் அகற்றினோம். அகற்றியதாக நினைத்தோம் என்பதே சரி. மறந்துபோன ஒரு கம்பி மூன்றாம் நாள் புகைந்தது. அன்று முதல் பற்றவைப்பவர் ஒருவர் என்றால், மணல் வாளியும் ஈரச் சாக்குமாய் அருகில் நிற்பவர் ஒருவர்.

பிறகு தட்டிப் பார்க்கும் வேலை. பானை வாங்கப் போகும் நம் தாய்மார்கள் விரலால் சுண்டி ஓசை கேட்பார்கள் அல்லவா? அதேதான். சிறு சுத்தியலால் தளம் முழுவதும் ஓரங்குலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இரும்பு பொத்தென்று ஒலிக்கும். ஐயம் எழுந்த இடத்தில் குத்தூசியால் அழுத்தினோம். ஊசி இறங்கிய இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். மாலைக்குள் தளம் அம்மைக் கொப்புளம் கண்ட முகம் போல ஆகிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த ஓட்டைகள் நான்கு. வட்டங்கள் முப்பத்தேழு. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் நல்ல இரும்பு வரும் வரை வெளியே நகர்ந்து கோடு கிழித்தபோது, வெட்ட வேண்டிய பரப்பு ஒரு கோரைப்பாய் அளவுக்கு வந்துவிட்டது.

அங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒருவர், "முழுத் தளத்தையும் எடுத்துவிட்டுச் சமமான இரும்புத் தகடு ஒன்றைப் போட்டுவிடலாம், ஒரு வாரத்து வேலை" என்றார். மற்றொருவர், வெளியூரில் பழைய உடற்கூடு ஒன்றை வாங்கிவரலாம் என்றார். இறுதியில், அரித்ததை மட்டும் வெட்டி, இருந்த வடிவத்திலேயே புதிது செய்து பொருத்துவது என்று முடிவாயிற்று. அதற்குக் காரணம் பழமையின்மேல் பற்று மட்டும் அன்று. மூலத் தளத்தில் வரிவரியாக மடிப்புகள் உண்டு. பனையோலை மடித்தால் விசிறியாக நிமிர்ந்து நிற்கும். மடியாத ஓலை துவளும். தகட்டுக்கும் அதுவே விதி. மடிப்பில்லாத சமத் தகடு ஆளைத் தாங்க வேண்டுமானால் தடிப்பைக் கூட்ட வேண்டும். தடிப்பைக் கூட்டினால் எடை கூடும், இணைப்பில் வெடிக்கும்.

வெட்டுமுன் ஒன்று செய்தோம்; இதை முதலிலேயே செய்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். தளந்தான் வண்டியின் இரு பக்கங்களையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதை வெட்டினால் உடற்கூடு வாயைத் திறக்கும். முதல் முறை வலப்பக்கத்தை வெட்டியவுடன், கதவு வாயில் விரற்கடை அளவு விரிந்துவிட்டது. பிறகு ஜாக்கி வைத்துத் தள்ளியும் இழுத்தும் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து எழுதிக்கொண்டோம். ஒரு பக்கம் முடியாமல் மறுபக்கம் வெட்டுவதில்லை என்றும் உறுதி செய்துகொண்டோம்.

தளத்தை எடுத்தபின் இன்னொன்று தெரிந்தது. உடற்கூட்டை அடிச்சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளின் கீழ் ரப்பர் வளையங்கள் உண்டு. அவற்றில் இரண்டு மண்ணாகிவிட்டிருந்தன. அவை இருந்த குறுக்குச் சட்டங்கள் பெட்டி போல மூடியவை, உள்ளே சேறு. தளத்தை மட்டும் புதுப்பித்து இவற்றை விட்டிருந்தால், புதுத் தளம் பழைய ஊன்றுகோலின் மேல் நின்றிருக்கும். இரண்டு குறுக்குச் சட்டங்களையும் புதிதாகச் செய்தோம். அடிச்சட்டம் நலமாக இருந்தது. அது நல்ல தடிப்புள்ளது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளை இரும்பைக் கண்டபோது, எங்களில் மூத்தவர், நாற்பது ஆண்டுக்கு முன் அதன் மேல் தாம் கை வைத்திருக்கக் கூடும் என்றார். இருக்கலாம். அவர் வேலை பார்த்த பிரிவு அது.

தளத்துக்குப் பதினெட்டாம் கேஜ் தகடு, அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், போல்ட் இறங்கும் இடங்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் பதினாறாம் கேஜ், 1.6 மில்லிமீட்டர். அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அட்டை சரியான பின்பே தகட்டை வெட்டினோம். பழைய சந்தனக்கட்டை அளவுள்ள இரும்புக் கட்டையைப் பள்ளத்தில் வைத்து அடித்தடித்து மடிப்புகளை எடுத்தோம். இயந்திரத்தில் ஒரு நொடியில் விழும் மடிப்பு அது. எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்பகல் ஆயிற்று. கோணல் தெரியும். மறைக்கவில்லை.

தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிடாமல், ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துப் பற்றவைத்தோம். இடுக்கு இல்லாவிட்டால் துருவுக்கு வீடு இல்லை. சாதாரண வில்சுடர்ப் பற்றவைப்பு இந்த மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். கரியமிலவாயு செலுத்தும் இயந்திரத்தில், 0.8 மில்லிமீட்டர்க் கம்பி கொண்டு பற்றவைத்தோம். தொடர்ச்சியாக இழுத்தால் வெப்பத்தால் தகடு அப்பளம் போல நெளியும். கோலம் போடுபவர் முதலில் புள்ளிகளை வைத்துப் பின் இணைப்பது போல, இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆறியபின் அவற்றுக்கு நடுவே ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே போனோம். எங்கள் இல்லத்தரசிகளில் ஒருவர் தேநீர் கொண்டுவந்தவர், "இதற்கு இத்தனை பேரா?" என்று கேட்டுவிட்டுத் தாமே இரண்டு அடி நீளம் மிக நேர்த்தியாகப் பற்றவைத்தார். அவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர் என்பது எங்களில் நால்வருக்கு அன்றுதான் தெரியும்!

பழைய துத்தநாகத் தகரத்தின் மிச்சம் ஒட்டியிருந்த ஓரத்தை அறியாமல் பற்றவைத்த நாளில், எங்களில் ஒருவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் கண்டது. துத்தநாகம் 907 பாகை வெப்பத்தில் ஆவியாகிவிடும். எஃகு உருகும் வெப்பமோ அதைவிட மிக அதிகம். அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் வரும் காய்ச்சல் அது. பால் குடித்தால் போதும் என்று பட்டறைகளில் சொல்லுவார்கள். பால் புகையைத் தடுப்பதில்லை. காற்றோட்டமும் முகமூடியுமே தடுக்கும்.

அரிப்பு மேலோட்டமாக இருந்த இடங்களில் தகட்டை வெட்டவில்லை. தளர்ந்த துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தைத் தடவினோம். அது எஞ்சிய துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். கடையில் கிடைக்கும் மற்றொரு வகை மருந்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கும். அது துருவோடு கூடிக் கருநீலப் படலமாகும். இது நமக்குப் புதிதன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோர் கண்டதும் இந்த வினையே. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிய கருமை அது. ஆசைக்காக ஒரு துண்டுத் தகட்டில் கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிப் பார்த்தோம். நன்றாகவே கறுத்தது. வண்டியில் மட்டும் கடைச் சரக்கையே பயன்படுத்தினோம். எந்த மருந்தும் இல்லாத இரும்பை வருவிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குத்தூசி இறங்கும் இடத்தில் மருந்து தடவுவது, 2013-இல் நாங்கள் தார் பூசியதற்கு ஒப்பாகும்.

அதன்மேல் துத்தநாகம் செறிந்த பிரைமர், இணைப்புகளில் நீர் புகாப் பசை, பிறகு வர்ணம். அடைத்த வடிகால் துளைகளைத் திறந்து ரப்பர் அடைப்பான் பொருத்தினோம். விரிப்பு போடவில்லை; இனியும் போடப்போவதில்லை. காலில் சூடு உறைக்கிறது என்பவர்கள் செருப்பு அணிந்து வருக. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வேலை நின்றது. மீண்டும் தொடங்கி, 2021 தை மாதத்தில் வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. இச்செலவில் சங்கப் பணம் ஒரு காசும் இல்லை.

சட்டம் பற்றி ஒரு சொல். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாத வண்டிகளுக்கு அது பொருந்தும். எங்கள் வண்டிக்கு 2028-இல்தான் ஐம்பது நிறையும். அப்போது, அதே வடிவில் தளத்தைப் புதுப்பித்தது மாற்றமா, பேணலா என்று அதிகாரிகள் கேட்கலாம். அதற்காகவே வெட்டிய பழைய துண்டுகள் யாவற்றையும் எண்ணிட்டு வைத்திருக்கிறோம்; ஒவ்வொரு நாள் வேலைக்கும் நிழற்படம் உண்டு. அவ்விதியின்படி பதிந்தால் அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கரும்பு ஏற்ற வேறு வண்டி பார்க்க வேண்டும். கிரிக்கெட் வீரர் தோனி அவர்கள் 2019-இல் ஜோங்கா ஒன்றை வாங்கிய செய்தி வந்தபின், எங்கள் வண்டிக்கு விலை கேட்டு வந்தவர்கள் மூவர். மூவரும் வர்ணத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை.

வைத்துக்கொள்வதா, விற்பதா என்பதைச் சங்கம் முடிவு செய்யட்டும். இரண்டுக்கும் நாங்கள் கட்டுப்படுவோம். வைத்துக்கொள்வதானால் எங்கள் நிபந்தனை ஒன்று உண்டு. பின்தட்டில் இனி எந்தக் குழந்தையும் ஏறக்கூடாது, பெரியவர்களும் ஏறக்கூடாது. பலகை பொருத்திய துளைகளை நாங்களே பற்றவைத்து மூடிவிட்டோம்.

இடது முன் மூலையில், கண்ணும் கையும் எட்டாத பெட்டிச் சட்டம் ஒன்று உள்ளது. அதனுள் மெழுகு கலந்த எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறோம். அது எப்படி இருக்கிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப்பின் திறந்து பார்க்கிறோம். வரும் அக்டோபரில் கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்துவோம், யாவரும் வரலாம். சுத்தியலும் குத்தூசியும் சுண்ணக்கட்டியும் தயாராக இருக்கும். ஓசை மாறும் இடத்தில் தயங்காமல் வட்டமிடுங்கள். அன்று காலில் தையல் போட்டுக்கொண்ட சிறுமி இப்போது மேல்நிலைப் பள்ளி மாணவி. முதல் தட்டு அவளுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.